முன்கைகள்: ஒரு சேத அறிக்கை

பிப்ரவரி 19, காலை 6.40. இடது முன்கை, வெளிப்புறம். கன்றிய அடையாளம் ஒன்று. புளியங்கொட்டை அளவு. கருஞ்சிவப்பு. வலி இல்லை. வீக்கம் இல்லை. காரணம்: தெரியாது.

பிப்ரவரி 22, மாலை 5.15. வலது முன்கை, மணிக்கட்டிலிருந்து நான்கு விரற்கடை மேலே. இரண்டு. ஊதா. காரணம்: மெட்ரோ ரயிலில் ஓர் இளைஞர் எழுந்து, கையைப் பிடித்துத் தம் இருக்கையில் அமர்த்தினார்.

பிப்ரவரி 27, காலை 7.00. இடது புறங்கை. ஒன்று. நகத்தளவு. காரணம்: தெரியாது.

மார்ச் 2, காலை 7.00. பிப்ரவரி 19 அன்று குறித்த அடையாளம் பழுப்பாகி, ஓரங்களில் மஞ்சள் படர்ந்திருக்கிறது.

மார்ச் 3, காலை 9.30. வலது முன்கை, உட்புறம். மூன்று, ஒரே வரிசையில். காரணம்: லேக் கார்டன்ஸ் சந்தையில் கீழ்வீட்டுக்காரர் தாங்கிப் பிடித்தார்.

மார்ச் 6, காலை 6.50. இடது முன்கை. ஒன்று. எலுமிச்சை அளவு. காரணம்: தெரியாது.

மார்ச் 9, காலை 7.00. வலது முன்கை, முழங்கைக்குக் கீழே. இரண்டு. காரணம்: தெரியாது.

மேலே உள்ளது பெங்களூரில் இருக்கும் என் மகள் கேட்டு, நான் எழுதி, படமெடுத்து அனுப்பியது. இப்படி ஓர் ஆவணம் உருவானதற்குப் பருவநிலையே பொறுப்பு. கல்கத்தாவில் ஸ்வெட்டரைக் கழற்றுவது சாதாரணமாக எடுக்கப்படும் முடிவு அல்ல. பிப்ரவரி நடுவில் நெற்றியில் வியர்வை வழிந்தாலும் குரங்குக் குல்லாயைக் கழற்ற மனமில்லாத ஊர் இது. நானும் ஐம்பது ஆண்டுகளில் ஊரோடு ஒத்துப்போய்விட்டேன். ஆனால் இந்த ஆண்டு ஒரு நாள் மதியம் வெயில் சற்று மிஞ்சியது. ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு அரைக்கைச் சட்டையோடு வீடியோ அழைப்பில் உட்கார்ந்தேன்.

"அப்பா, அந்தக் கைய காமிங்க."

"எந்தக் கை?"

"மறைக்கிறீங்கல்ல, அந்தக் கை."

காட்டினேன்.

"என்னப்பா இது?"

"தோல்" என்றேன். பிழையில்லாத பதில். ஆனால் அவளுக்குப் போதவில்லை. இனி எந்த அடையாளம் வந்தாலும் தேதி போட்டு, காரணத்தோடு எழுதி அனுப்ப வேண்டும் என்றாள்.

இதை அவள் வேறு யாரிடம் கேட்டிருந்தாலும் ஒழுங்காக வந்திருக்காது. என்னிடம் கேட்டதுதான் தவறு. இயற்பியலில் முதுகலையும் கடல்வணிகச் சட்டத்தில் ஒரு பட்டமும் பெற்ற பிறகு, கிடர்பூர் கப்பல்துறையில் முப்பத்தாறு ஆண்டுகள் நான் பார்த்த வேலை அதுதான்: இறங்கும் சரக்கில் சேதத்தைக் கண்டு எழுதுவது. நசுங்கிய பீப்பாய், கிழிந்த மூட்டை, மூலை உடைந்த மரப்பெட்டி ஆகியவற்றின் முன் நின்று, என்ன சேதம், எவ்வளவு, எதனால் என்று குறிப்பேன். காரணங்கள் மூன்றே. கடல் செய்தது, கையாளும்போது நேர்ந்தது, சரக்கிலேயே இருந்த குறை. மூன்றில் எது என்று கண்ணால் கண்ட ஆதாரம் இல்லையென்றால் எழுத வேண்டிய சொல் ஒன்று உண்டு. தெரியாது. அந்தச் சொல்லை எழுதத் தயங்குபவன் இந்த வேலைக்கு ஆகமாட்டான் என்பது என் அபிப்பிராயம். இன்னொரு விதியும் உண்டு. நடக்காததை அறிக்கையில் எழுதக் கூடாது. பெட்டி தீப்பிடிக்கவில்லை என்று எவரும் எழுதுவதில்லை.

அறிக்கை போய்ச் சேர்ந்த மாலையே அழைப்பு வந்தது.

"நாலு இடத்துல தெரியாதுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா. தெரியாது."

"அதெப்படிப்பா தெரியாம இருக்கும்? எலுமிச்சம்பழம் சைஸுக்கு அடிபட்டிருக்கு!"

"அடிபட்டுதான்னே தெரியாது."

அவள் முகம் திரையை நெருங்கி வந்தது. பிறகு தணிந்த குரலில் கேட்டாள்: "விழுந்துட்டு மறந்துபோயிடறீங்களாப்பா?"

"விழலம்மா."

"விழலன்னு எங்கேயும் எழுதலையே."

என் தொழிலின் இரண்டு விதிகளும் சேர்ந்து என்னை இப்படிக் கவிழ்க்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவள் படித்த அறிக்கையில் ஒரு கிழவன் வாரம் ஒரு முறை வீட்டுக்குள் விழுகிறான், எழுந்திருக்கிறான், விழுந்ததை மறந்துவிட்டு, அடையாளத்தை அளவெடுத்து எழுதுகிறான். என் எழுத்தையே ஆதாரமாகக் கொண்டால் நானும் அப்படித்தான் முடிவு செய்திருப்பேன்.

"ஹோலி அன்னிக்கு வரேன். நாலு நாள் இருப்பேன். திரும்பும்போது ரெண்டு டிக்கெட் போட்டிருக்கேன்" என்றாள்.

பெங்களூரில் அவள் வீடு ஒன்பதாவது மாடியில் இருக்கிறது. நல்ல வீடு. எனக்கென்று ஓர் அறையும், அதில் ஒரு ஜன்னலும் உண்டு. அவளும் மாப்பிள்ளையும் என்னை நன்றாகவே வைத்துக்கொள்வார்கள். ஆனால் லேக் கார்டன்ஸில் இந்த இரண்டாவது மாடி வீட்டில் நானும் என் மனைவியும் முப்பத்தொரு ஆண்டுகள் இருந்தோம். அவள் போய் அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. இதைவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. காரணம் என்ற இடத்தில் இங்கே எதுவும் எழுத வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

கீழ்வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அடையாளங்களில் பெரும்பங்கு அவருடையது. வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட நான்கு வயது இளையவர். என்னைத் தாதா, அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் கண்ணாடிச் சீசாக்கள் அடுக்கிய ஹோமியோபதிப் பெட்டி ஒன்று உண்டு. கன்றிப்போன எதற்கும் அவர் தருவது ஆர்னிகா. காலில் அடிபட்ட கால்பந்து ஆட்டக்காரனுக்கும் ஆர்னிகா. வரன் தட்டிப்போன பெண்ணின் தகப்பனாருக்கும் ஆர்னிகா. என் மனைவி இறந்த மறுநாள் காலை எனக்கும் ஆறு உருண்டைகள் கொடுத்தார். வாங்கி நாக்கில் போட்டுக்கொண்டேன். இனிப்பாக இருந்தது.

அன்றிலிருந்து அவர் என்னைப் பிடிக்க ஆரம்பித்தார். படியில் இறங்கினால் பிடிப்பார். தெருவைக் கடந்தால் பிடிப்பார். மார்ச் மூன்றாம் தேதி சந்தையில், நான் அசையாமல் நின்று புடலங்காய் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து வந்து தாங்கிப் பிடித்தார். "தாதா, பார்த்து!" நான் புடலங்காயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் ஒருவர் மட்டுமல்ல. இந்த ஊருக்கு ஒரு பழக்கம் உண்டு. நரைத்த தலையைக் கண்டால் பிடிப்பதற்கு ஒரு கை நீளும். பேருந்தில், மெட்ரோவில், மருந்துக் கடை வாசலில். பிடித்த இடத்தில் மறுநாள் ஊதா நிறம் ஏறும். அதைப் பார்க்கும் அடுத்தவர், ஐயோ பாவம், எங்கேயோ விழுந்திருக்கிறார் என்று இன்னும் இறுக்கமாகப் பிடிப்பார். அன்பு இப்படிச் சுற்றிச் சுற்றி வளர்வதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஹோலி வந்தது. வருஷம் முடியும்வரை எங்களுக்குப் பண்டிகை இல்லை. அது கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர்களுடைய துக்கக் கணக்கும் ஏறக்குறைய அப்படித்தான். ஆகவே யாரும் கதவைத் தட்டவில்லை. பதினோரு மணிவாக்கில் பால்பையை எடுக்கக் கதவைத் திறந்தேன். கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்துகொண்டிருந்தார். தலையிலிருந்து கால்வரை இளஞ்சிவப்பு. கண்ணாடி மட்டும் துடைத்திருந்தார். என்னைக் கண்டதும் நின்றார். பிறகு என் இரண்டு முன்கைகளையும் தம் இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

"இது ஹோலி இல்ல தாதா. சும்மா கையப் பிடிச்சேன். அவ்வளவுதான்."

"தெரியும்" என்றேன்.

"பௌதி இருந்திருந்தா இந்நேரம் என்னப் படியிலேயே நிக்க வச்சு, வராந்தா அழுக்காகுதுன்னு திட்டியிருப்பாங்க." பௌதி என்றால் இங்கே அண்ணி; என் மனைவியை அவர் அழைத்தது அப்படித்தான்.

"திட்டியிருப்பாள்."

அவர் இறங்கிப் போனார். என் இரண்டு கைகளிலும் பத்து விரல்கள் இளஞ்சிவப்பாகப் பதிந்திருந்தன. கழுவலாம் என்று உள்ளே போனேன். கழுவவில்லை. பாலைக் காய்ச்சினேன்.

மகள் மூன்று மணிக்கு வந்தாள். பண்டிகையன்று மதியத்துக்குப் பிறகுதான் இந்த ஊரில் டாக்சி கிடைக்கும். கதவைத் திறந்ததும் அவள் பார்த்தது என் முகத்தை அல்ல.

"அப்பா! கலர் ஆடினீங்களா?"

அந்தக் குரலில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி, வருஷம் முடியவில்லையே என்று திடுக்கிட்டவள். இன்னொருத்தி, அப்பா வாசலுக்கு வெளியே வந்திருக்கிறாரே என்று மகிழ்ந்தவள்.

"ஆடல. கீழ்வீட்டுக்காரர் கையப் பிடிச்சார்."

"ஓ, கையப் பிடிச்சார்! பத்து வெரலும் பிரிண்ட் போட்ட மாதிரி இருக்கு. வாங்க, வாங்க."

பெட்டியை நடையிலேயே போட்டுவிட்டு என்னைக் கழுவுதொட்டிக்கு இழுத்துப் போனாள். சிறுவயதில் ஹோலி முடிந்து பச்சையும் சிவப்புமாக வரும் அவளை அதே இடத்தில் நிறுத்தித்தான் அவள் அம்மா தேய்ப்பாள். இப்போது அவள் சோப்பை எடுத்தாள். தேங்காய் நாரையும் எடுத்தாள். பொடி கரைந்து தொட்டி முழுக்க இளஞ்சிவப்பாக ஓடியது.

"இந்த மூணு எடம் மட்டும் போகலப்பா. இது பாக்கா ரங்கு போல. யாரோ நல்லா ஏமாத்தியிருக்காங்க உங்கள." பாக்கா ரங்கு என்றால் இங்கே எளிதில் போகாத சாயம்.

கையை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றேன்.

"பேசாம நிக்கறதப் பாரு! சின்னப் புள்ள கணக்கா." நாரை மாற்றிப் பிடித்து மறுபடி தேய்த்தாள். அவள் மூக்கில் சோப்பு நுரை ஒட்டியிருந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள். என் கையை ஒரு பக்கம் திருப்பி, மறுபக்கம் திருப்பி, "எந்தக் கடையில வாங்கினாங்களோ, அம்மா பார்த்திருந்தா அவங்களக் கூப்பிட்டுக் கேட்டிருப்பா" என்று சொல்லி இன்னும் சிரித்தாள்.

அது சாயமில்லை என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. ஒரு நிமிடம் இருந்திருக்கும். இந்த ஏழு மாதத்தில் அவள் சிரித்து நான் கேட்டது அதுவே முதல் முறை. முன்கை தாங்கும் என்று மதிப்பிட்டேன். தொழில்முறை மதிப்பீடு என்று அதைச் சொல்ல முடியாது.

பிறகு அவளே நிறுத்தினாள். துண்டால் ஒற்றினாள். குனிந்து பார்த்தாள். விரல் நுனியால் அந்த ஊதாவைத் தொட்டாள்.

"இது கலர் இல்ல."

"இல்ல."

"ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

அவள் நாரை வைத்துவிட்டாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது, அதை மூடவில்லை. "அம்மா கை இப்படித்தான் இருந்துச்சு" என்றாள்.

ஆமாம். மருத்துவமனையில் கடைசிப் பதினோரு நாட்கள் என் மனைவியின் கைகளில் ஊசி ஏறாத இடம் குறைவு. பகலில் பக்கத்தில் இருந்தவள் மகள்தான். அந்தக் கைகளை நான் எங்கும் குறித்து வைக்கவில்லை. என் அறிக்கையை அவள் வேறு விதமாகப் படித்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் நிறமும் அளவும் எழுதி அனுப்ப அனுப்ப, அவள் அங்கே வேறு இரண்டு கைகளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

குழாயை நான் மூடினேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வழக்கம்போல் ஆய்வு நடந்தது. இந்த முறை ஆய்வாளர் அவள். ஜன்னலருகே என் கையை நீட்டச் சொன்னாள். இடது முன்கையில் நேற்று இல்லாத ஒன்று இருந்தது. நாவல்பழத்தை நசுக்கி இழுத்தது போல் நீளமாக, நார் போன வழியிலேயே போய், நார் நின்ற இடத்திலேயே நின்றிருந்தது.

"வலிச்சுதாப்பா?"

"இல்ல."

"நெஜமா?"

"தேய்க்கறப்போ ஒண்ணும் தெரியல. ராத்திரியும் தெரியல. நீ காட்டலேன்னா இதுவும் தெரியாதுதான்."

அவள் நீண்ட நேரம் அந்தக் கோட்டைப் பார்த்தாள். பிறகு என் நோட்டுப்புத்தகத்தை எடுத்தாள். தேதி, இடம், நிறம் ஆகியவற்றைத் தமிழில் எழுதினாள். அவள் தமிழ் எழுத்து வீட்டில் கற்றது, நடுங்கும். காரணம் என்ற இடத்துக்கு வந்ததும் கை பழகிய வங்க எழுத்துக்கு மாறி, ஒரே மூச்சில் எழுதி முடித்தாள்: மகள் கழுவிவிட்டது.

என் தரப்பு வென்றுவிட்டது என்று நினைத்தேன். தவறு.

"அப்ப சும்மா கழுவினாலே இப்படி ஆகுதுன்னா, உங்கள எப்படிப்பா தனியா விட்டுட்டுப் போறது?"

"உங்கூட வந்தா நீ தினம் கழுவுவியே."

"வக்கீல் மாதிரி பேசாதீங்க. டாக்டரப் பாக்கலாம். அவங்க போகலாம்னா போகலாம், இருக்கலாம்னா இருக்கலாம். ரெண்டு பேரும் ஒத்துக்கணும்."

ஒத்துக்கொண்டேன். டாலிகஞ்சில் ஒரு தோல் மருத்துவரிடம் போனோம். என் மகளைவிட இளையவராக இருப்பார். என்னை மேஷோமொஷாய் என்றார், பெரியப்பா முறை. அறிக்கையை முழுவதும் படித்தார். "இவ்வளவு சுத்தமா யாரும் எழுதிக் கொண்டு வந்ததில்ல" என்றவர், என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். மூன்று காரணங்களையும் சொன்னேன். இதில் எது என்று தயவுசெய்து குறித்துத் தர வேண்டும் என்றேன்.

சட்டைக் கையைத் தோள்வரை மடிக்கச் சொன்னார். மேற்கையின் உட்புறத்தைக் காட்டி, "இத பாருங்க" என்றார். பார்த்தேன். அந்த இடம் மட்டும் ஐம்பது வயதிலேயே நின்றிருந்தது. வழவழப்பாக, ஒரு புள்ளி இல்லாமல். இத்தனை காலம் என் கூடவே இருந்தும் அதை நான் கவனித்ததே இல்லை. கீழே முன்கையில் தோல், பழைய கல்யாண ஆல்பத்தில் படங்களுக்கு நடுவே வைக்கும் மெல்லிய தாள் போலிருந்தது.

"முப்பத்தாறு வருஷம் டாக்ல அரைக்கைச் சட்டை போட்டு நின்னிருக்கீங்க. வெயில் தின்னது அது. வயசானா தோல் மெலியும். அடியில மெத்தை மாதிரி இருக்கற கொழுப்பும் போயிடும். ரத்தக்குழாய்க்குப் பிடிமானம் இல்ல. மேஜைல லேசா பட்டாலே போதும். உள்ள கசியும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. கூடவே இதயத்துக்கு ஒரு மாத்திரை சாப்பிடறீங்க, அது ரத்தத்த உறையவிடாம வைக்கும். அத நீங்களா நிறுத்திடாதீங்க." பிறகு பேனாவை எடுத்து, "கடல், கையாளுதல், சொந்தக் குறை. மூணுமே" என்று மூன்று டிக் போட்டார்.

"மூன்றும் போடக் கூடாது. விதிப்படி ஒன்றுதான்."

"உடம்புக்கு அந்த விதி இல்ல, மேஷோமொஷாய்."

மூன்றும் உண்மையென்றால் யார் மீதும் பழி இல்லை. கிடர்பூரில் அப்படி ஓர் அறிக்கையைக் கொடுத்திருந்தால் மேலதிகாரி திருப்பி அனுப்பியிருப்பார்.

மார்பிலோ வயிற்றிலோ அடையாளம் வந்தால், ஈறிலோ மூக்கிலோ ரத்தம் வந்தால், எங்காவது தலை இடித்துக்கொண்டால் உடனே வர வேண்டும் என்று மகளிடம் சொன்னார். ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். இரண்டு நாளில் வந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் கிளம்பும்போது மகளை நிறுத்தி ஒரு வித்தை காட்டினார். "அவர் கைய நீங்க பிடிக்காதீங்க. உங்க கைய நீட்டுங்க. அவர் பிடிச்சுக்கட்டும்."

வெளியே தெருவைக் கடக்கையில் மகள் முழங்கையை மடித்து நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். ஆட்டோக்கள் வந்துகொண்டிருந்தன. பாதித் தெருவில் அவள் கேட்டாள், முகத்தைத் திருப்பாமல்.

"இங்கயே இருக்கணும்னு ஏம்ப்பா இவ்வளவு பிடிவாதம்?"

"தெரியாதுன்னு எழுதிக்கோ."

"இதுக்குக் காரணம் தெரியும் உங்களுக்கு."

"தெரியும்."

மறுபக்கம் போய்ச் சேர்ந்தோம். நடைபாதையில் ஏறியதும் சொன்னாள்: "சரி. ஆவணியில வருஷத் திதி முடியட்டும். அதுவரைக்கும் இருங்க. ஒரு டிக்கெட்ட கேன்சல் பண்றேன். ஆனா நான் லிஸ்ட் போடுவேன், செய்யணும்."

புறப்படுவதற்கு முன் லிஸ்ட் போட்டாள். இருபத்திரண்டு கட்டளைகள். களிம்பு இரண்டு வேளையும் தடவுகிறேன். கட்டிலின் இரும்பு மூலைகளுக்குத் துணி சுற்றிவிட்டேன். நகம் வெட்டியாயிற்று. குளியலறைக்குக் கால் வழுக்காத விரிப்பு வாங்கியாயிற்று. இதை எழுதும் இன்று, முடியாமல் நிற்பவை இவை:

1. மெல்லிய பருத்தியில் முழுக்கைச் சட்டை மூன்று தைக்கக் கொடுப்பது. துணி வாங்கிவிட்டேன். தையற்காரர் அளவெடுக்கக் கையைப் பிடிப்பார், அதனால் தள்ளிப்போகிறது.

2. கீழ்வீட்டுக்காரரிடம், இனி அவர் என்னைப் பிடிக்க வேண்டாம், நான் அவரைப் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்வது. இரண்டு முறை படியிறங்கிப் போனேன். இரண்டு முறையும் அவர் முந்திக்கொண்டார்.

3. அறிக்கையில், "இக்காலத்தில் விழவில்லை" என்று ஒரு வரி தினமும் சேர்ப்பது. விதிக்கு முரணானது. யோசிக்கிறேன்.

4. பிரிக்காமலே வைத்திருக்கும் என் மனைவியின் மருத்துவமனைக் காகிதங்களை மகள் அடுத்த முறை வரும்போது அவளோடு உட்கார்ந்து பிரிப்பது.

5. ஆவணிக்குப் பிறகு எங்கே இருப்பது என்று தீர்மானிப்பது. தொடங்கவில்லை.